தங்கள் வீட்டில் நான் சோறு வாங்காத காரணம்

நெருப்பெரிச்சல்,
திங்கட்கிழமை.

சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிவரும் உயர்திரு நாச்சிமுத்து அவர்களுக்கு, நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனி வாட்ச்மேன் நல்லான் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. தங்கள் தறிகள் நூல் அறாமல் ஓட வேண்டும். தாங்களும் தங்கள் வீட்டம்மா மயிலாள் தங்கச்சியும் மகன் பிரபாகரும் தங்கள் அக்கா பெரியாத்தாளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று மாகாளியம்மனை வேண்டுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரி கருப்பாத்தாளும் மகள் பூங்குழலியும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பொய் எழுதுவதற்காகவா இந்த வயதில் எழுத்துப் படித்தேன்? எனக்கு ரத்தத்தில் கொழுப்பு, வீட்டுக்காரிக்கு என் மேல் கோபம், மகளுக்குச் சில நாட்களாக என்னோடு பேச்சில்லை. மற்றபடி சுகம்.

இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். போன வருஷம் வரைக்கும் நான் கைநாட்டு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு என்று சாயங்கால வகுப்பு வைத்தார்கள். குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இப்போது பஸ்ஸில் போனால் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கி, கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே போகிறேன். மேலே பூங்குழலி என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதில் வரும் ‘ழ’வை முடித்துவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்து இளைப்பாறினேன். நான்கு சாயங்காலமாக எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் தாங்கள் தறிக்குடோனுக்குள் இருந்தீர்கள். தறிச் சத்தத்தில் என் தொண்டைதான் போனது. கடிதத்துக்குள் தறி ஓடாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் தங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்து, ஒரு பருக்கை சோறு தின்னாமல் திரும்பிப் போனது எங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்காததால் என்று தாங்கள் நினைத்துவிட்டதாகத் தரகர் சொன்னார். பெருமாநல்லூரில் வேறு பெண் பார்க்கக் கிளம்பியிருப்பதாகவும் சொன்னார். அய்யா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இல்லை. காரணம் வேறு. அதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நாற்பது வருஷம் நின்றபடியே பனியனுக்கு அயர்ன் போட்டவன் நான். அப்போது மலை மாதிரி சோறு தின்றாலும் பெட்டிச் சூட்டில் எல்லாம் வேர்வையாகப் போய்விடும். வாட்ச்மேன் ஆகி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அதே மலை அப்படியே வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எனக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது, இப்படியே போனால் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டைப் பற்றி விவரமாகச் சொல்ல அங்கே மெஹ்ஜபின் என்று ஒரு பெண் இருக்கிறார். நல்ல பெண். என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

“காலைல என்ன சாப்பிடுவீங்க ஐயா?”

“இட்லிங்க.”

“மத்தியானம்?”

“சோறுங்க.”

“ராத்திரிக்கு?”

“மிஞ்சின சோறுங்க. மிஞ்சலைன்னா தோசைங்க.”

“நடுவுல ஏதாவது?”

“டீயும் தேங்கா பன்னும்ங்க.”

“காய் சேர்த்துக்குவீங்களா?”

“தெனமும் சேர்த்துக்குவேனுங்க. உருளைக்கெழங்கு.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஐயா, நீங்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஒரே மாவுச்சத்தைத்தான் சாப்பிடறீங்க. பேருதான் வேற வேற.”

அன்றைக்கு எனக்கு வந்த சோர்வு இன்னும் போகவில்லை. இத்தனை வருஷமாக விதவிதமாகத் தின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, களி தின்னலாமா என்று கேட்டேன். அதிலும் இருக்கிறதாம், அளவாகத்தான் தின்ன வேண்டுமாம். மரவள்ளிக்கிழங்கு? கேட்கவே வேண்டாம் என்றார். கீரை, அவரை, பீன்ஸ், சுரை, புடலை, பீர்க்கன், முட்டைக்கோஸ் இவற்றால் தட்டில் பாதியை நிரப்பச் சொன்னார். கொள்ளு, பச்சைப்பயறு, முட்டையின் வெள்ளை, குழம்பு மீன், மோர், இதெல்லாம் ஆகும். பொரித்தது ஆகாது. சாயங்காலம் நடக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து என் மகள் பூங்குழலி அடுப்படியைக் கைப்பற்றிக்கொண்டாள். விடிவதற்கு முன்னால் எழுந்து காய் நறுக்குவாள். எனக்குச் செய்வதிலேயே ஒரு டப்பா எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விடுவாள். திங்கள் சுரைக்காய், செவ்வாய் புடலங்காய், புதன் பீர்க்கங்காய். வியாழக்கிழமை எனக்கு மூன்றுக்கும் வித்தியாசம் மறந்துவிட்டது. ஒரு நாள் காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வேகவைத்து, சோறு என்று சொல்லி முன்னால் வைத்தாள். பார்வைக்குச் சோறுதான். வாயில் வைத்தால் பூ. அழுகை வந்தது; அவள் காலை நேரத்தில் இவ்வளவு பாடுபட்டிருக்கிறாளே என்று தின்றுவிட்டேன். எழுத்துப் படித்தது இன்னொரு தொல்லை. முன்பெல்லாம் பாக்கெட்டின் மேல் கோதுமைக் கதிர் படம் இருந்தால் உடம்புக்கு நல்லது என்று வாங்கித் தின்பேன். இப்போது திருப்பிப் படிக்கிறேன். எங்கள் ஊர் பேக்கரிக்காரன் தமிழிலேயே அச்சடித்திருக்கிறான். கதிர் படத்துக்குப் பின்னால் முதல் பெயரே மைதா. அய்யா, படிக்கத் தெரியாமல் தின்றபோது அது எவ்வளவு ருசியாக இருந்தது!

ஆனாலும் நான் பிடிவாதக்காரன். அந்தப் பெண் குறைக்கச் சொன்னதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். இடுப்பில் வேட்டி தளர்ந்தது. எடை இறங்கியது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் தரகர் நம் இரண்டு வீட்டுக்கும் நாள் பார்த்துச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. தங்கள் மகனும் என் மகளும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்தாலும் மாடி வேறு வேறு, முகம்கூடச் சரியாகத் தெரியாது என்று இருவருமே சொன்னதால், நாம் பெரியவர்கள்தான் எல்லாவற்றையும் முறையாகப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது.

முறை எனக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், சம்மதம் என்றால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். சம்மதம் இல்லையென்றால் ஒரு வாய்த் தண்ணீரோடு எழுந்து, ‘போயிப் பேசிட்டுச் சொல்றோமுங்க’ என்று செருப்பை மாட்டிக்கொள்வார்கள். பிடித்தது, பிடிக்கவில்லை என்று வாயால் சொல்லி யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. சோறே சொல்லிவிடும். காரில் வரும்போதே கருப்பாத்தாள் எச்சரித்தாள்.

“அங்க போயி உங்க டயட்டக் காட்டாதீங்க. பேருக்கு நாலு வாய் தின்னுபோட்டு எந்திரிங்க.”

“காய் இருக்குமல்லோ? அதை நெறையத் தின்னுக்கறேன். கை நனைஞ்ச மாதிரியும் ஆச்சு, நாளைக்கு ரத்தத்துக்கும் பயமில்லை” என்றேன். திரும்பி வரும்போது வழியில் பசித்தால் இருக்கட்டும் என்று பூங்குழலி கொடுத்த டப்பா ஒன்றும் பையில் இருந்தது. அவ்வளவுதான் என் மனதில் இருந்தது, வேறு கபடம் கிடையாது.

தாங்கள் எங்களை எவ்வளவு மரியாதையாக வரவேற்றீர்கள்! வீட்டைச் சுற்றிக் காட்டினீர்கள், புதுத் தறியைக் காட்டினீர்கள், கிணற்றுக்குள் தண்ணீர் தெரிகிறது பாருங்கள் என்று குனியச் சொன்னீர்கள். பிறகு பந்தியில் உட்காரவைத்து இலை போட்டீர்கள். முதலில் உருளைக்கிழங்குப் பொரியல் வந்தது. சரி, அடுத்தது வரட்டும் என்று இருந்தேன். வாழைக்காய் வறுவல் வந்தது. அதற்கு அடுத்தது சேப்பங்கிழங்கு. ஓரத்தில் ஒப்புட்டு, அதன் மேல் அப்பளம், பக்கத்தில் கிண்ணத்தில் ஜவ்வரிசிப் பாயசம். அந்த இலையில் மாவுச்சத்து இல்லாதது உப்பு ஒன்றுதான். அப்போது மயிலாள் தங்கச்சி போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்தார். நெய் வாசம் நடையிலிருந்தே வந்தது. எத்தனை நாளாயிற்று அந்த வாசம் பிடித்து! ஒரு வாய் வைத்தால் நிறுத்தமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். மறுநாள் ஊசி குத்தும் கை தானாக நீண்டு இலையை மூடிக்கொண்டது.

“போதுமுங்க” என்றேன்.

“ஏனுங்கண்ணா, இன்னும் ஒரு பருக்கைகூட உழுகலீங்களே?” என்றார் தங்கச்சி.

“எனக்குச் சோறு வேண்டாமுங்க.”

தாங்கள் எதிரே நின்றுகொண்டிருந்தீர்கள். தங்கள் முகம் மாறியது. “ஏனுங்க, ஊடு புடிக்கலீங்களா?”

“ஊடெல்லாம் நல்லா இருக்குதுங்க. சோறுதான் ஆகாதுங்க.”

நான் சொல்ல நினைத்தது ஒன்று. அது போய்ச் சேர்ந்தது வேறொன்று. தங்கள் அக்கா பெரியாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டு, “எங்கூட்டுச் சோறு ஆகாதாமா? கேட்டுக்கோடா நாச்சிமுத்து, ஊடு நல்லா இருக்குதாம், சோறு ஆகாதாம்!” என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒன்றும் தின்னாமல் எழுந்தால்தானே தப்பு, ஏதாவது தின்றுவிடுவோம் என்று அவசரத்தில் புத்தி கெட்டுப்போய், பையிலிருந்து டப்பாவை எடுத்து, தங்கள் இலையில் என் வீட்டு முட்டைக்கோசைக் கொட்டினேன். நேற்றுக்கூட இதை நினைத்துப் படுக்கையில் புரண்டேன். டப்பா திறந்ததும் அந்த வாசம் தங்கள் நெய் வாசத்தை அடித்துக்கொண்டு கூடம் முழுக்கப் பரவியது.

“பொண்ணு ஊட்டுக்காரரு கட்டுச்சோறு கொண்டாந்திருக்கறாருடா!” என்றார் தங்கள் அக்கா. “நாம என்ன வெசமா வெச்சிருக்கறோம்?”

“சோறில்லீங்கம்மா, முட்டைக்கோசுங்க” என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்குத் தங்கள் தறி நிறுத்தியிருந்தது. ஓடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது. என் வீட்டுக்காரி, கட்டின புருஷன் கை நனைக்காத வீட்டில் தான் எப்படி நனைப்பது என்று பெண்கள் பந்தியில் உட்காராமலே வெளியே வந்துவிட்டாள். எங்கள் காரில் வந்தவர்களில் ஒழுங்காகச் சாப்பிட்டது டிரைவர் முதஸ்ஸிர் ஒருவர்தான். பாயசம் மறுபடி கேட்டு வாங்கினார். கிளம்பும்போது தாங்கள் வருத்தத்தைக் காட்டாமல் தாம்பூலப் பை கொடுத்தீர்கள். அதில் இருந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் நான் தங்கள் வாசலிலேயே முதஸ்ஸிரிடம் கொடுத்துவிட்டேன். பழமும் மாவுச்சத்து, காரில் பக்கத்தில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று பயம். திரும்பிப் பார்த்தால் தங்கள் அக்கா ஜன்னலில் நிற்கிறார்.

மங்கலம் தாண்டும் வரைக்கும் கருப்பாத்தாள் பேசவில்லை. அதன் பிறகு பேசினாள்.

“ஏனுங்க, நீங்க மனுசந்தானுங்களா? சம்பந்தம் பேசற ஊட்டுல டப்பாவத் தொறப்பாங்களா ஆராச்சும்? அந்தம்மா நெய்யும் பருப்புமா வந்து நிக்குது. நானா இருந்தா அந்தக் கரண்டியாலயே உங்க மண்டையில ஒண்ணு வெச்சிருப்பேன்.”

“நாளைக்கு ரத்தம் எடுக்கறாங்க, அதனாலதான்...”

“மிஞ்சியிருந்தா எடுக்கட்டும்!”

மறுநாள் ரத்தம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது என்று மெஹ்ஜபின் கை கொடுத்தார். நான் சந்தோஷப்பட முடியாமல் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயா, சாதமே தொடக்கூடாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? அளவா ஒரு கரண்டி சாப்பிடலாம்னுதானே சொன்னேன்? விசேஷ வீட்டுல நாலு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது. தினமும் சாப்பிடறதுதான் கணக்கு.”

“அப்படீங்களா?”

“அப்படித்தாங்க. பொண்ணு கல்யாணத்தை விடவா ஐயா சுரைக்காய் பெருசு?”

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இருக்கிற ஒரு வாய் மோரும் நின்றுபோகும். பூங்குழலி தரகர் வந்து போன நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. காலையில் காய் மட்டும் நறுக்கிச் செய்து வைக்கிறாள். தட்டை வைக்கும் சத்தத்தில்தான் அவள் மனது தெரிகிறது. முந்தாநாள், “ஏன் கண்ணு, அப்பன் மேல கோவமா?” என்று கேட்டேன். “கோவமெல்லாம் இல்லீங்கப்பா, சாப்பிடுங்க, பீர்க்கங்காய் ஆறுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கவில்லை, நான் பார்த்தேன். இதற்கு முன் வந்த இடங்களை எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று தட்டிக் கழித்த பெண், தங்கள் மகன் பெயரைத் தரகர் சொன்னபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய வாழ்க்கையை நான் ஒரு டப்பா முட்டைக்கோசால் கெடுத்துவிட்டேன் என்பதை நினைத்தால் காயும் இறங்கவில்லை, மோரும் இறங்கவில்லை. இதனாலேயே இன்னும் எடை குறைந்துவிடுவேன் போலிருக்கிறது.

ஆகவே அய்யா, நான் கேட்டுக்கொள்வது இதுதான். பெருமாநல்லூர்ப் பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் தள்ளி வையுங்கள். ஒரு நாள் சொல்லுங்கள், வருகிறேன். டப்பா கொண்டுவரமாட்டேன். வேண்டுமானால் வாசலில் பையைச் சோதித்துப் பாருங்கள். தாங்கள் என்ன போட்டாலும் தின்கிறேன். சோறு போடுங்கள், உருளைக்கிழங்கு போடுங்கள், ஜவ்வரிசிப் பாயசத்தை அண்டாவோடு வையுங்கள். கொழுப்பு ஏறினால் மறுபடியும் சுரைக்காய் தின்று இறக்கிக்கொள்வேன். அது எனக்குப் பழகிவிட்டது. பெண் மனது முறிந்தால் அதை இறக்கிவைக்க எனக்கு இடம் தெரியவில்லை. தங்கள் அக்காவின் காலில் விழவும் தயார். வயிறு குறைந்திருப்பதால் இப்போது நன்றாகக் குனிய முடிகிறது.

பிரபாகருக்கு என் ஆசீர்வாதம். மயிலாள் தங்கச்சிக்கு என் வணக்கமும் மன்னிப்பும். தங்கள் தறியும் குடியும் தலைமுறைக்கும் தழைக்கட்டும். தங்கள் பதிலைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் இனி எல்லோரும் வாய் திறப்பார்கள், பேசவும் தின்னவும்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்கும்
நல்லான்.

பின்குறிப்பு: சம்பந்தி, மேலே உள்ளதை எழுதி முடித்துப் பசை தடவப் போகும் நேரத்தில் மயிலாள் தங்கச்சி போன் செய்தார். நான் நான்கு நாளாகக் கடிதம் எழுதுவதைப் பூங்குழலி பயந்துபோய்த் தங்கள் மகனிடம் சொல்ல, அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். “அண்ணா, கடுதாசியெல்லாம் எதுக்குங்க? உங்க பொண்ணு எங்கூட்டுல கை நனைச்சு ஒரு வருசமாச்சுங்க” என்றார். பசையை மூடி வைத்துவிட்டு விவரம் கேட்டேன். விஷயம் இதுதான். தங்கள் மகனும் என் மகளும் தினமும் மத்தியானம் கம்பெனியில் டப்பாவை மாற்றிக்கொள்கிறார்களாம். நான் டயட் தொடங்கியதிலிருந்து என் வீட்டுச் சுரைக்காயும் புடலங்காயும் அவர் தின்கிறார். தங்கச்சி செய்து அனுப்பும் அரிசிம்பருப்பை என் மகள் தின்கிறாள். தங்கச்சிக்கு அது தீபாவளிக்கே தெரியும். அன்றிலிருந்து அவளுக்காக நெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டுக் கட்டி அனுப்புகிறாராம். தரகரைத் தேடிப் பிடித்து எங்கள் வீட்டுக்கு அனுப்பியதும் அவர்தானாம். “உங்கூட்டுக் காயத் தின்னு எம் பையனுக்குத் தொந்தியே போயிருச்சுங்க. இதுக்கு மேல என்னங்கண்ணா சம்மதம் வேணும்? எங்க நாத்தனா ஊருக்குப் போகட்டும், இவருகிட்ட நான் நேரம் பாத்துப் பக்குவமாச் சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லீராதீங்க” என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பூங்குழலியைக் கூப்பிட்டேன். “முகம்கூடத் தெரியாதுன்னியே கண்ணு?” என்றேன். “டப்பாதான் நல்லாத் தெரியுமுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். கருப்பாத்தாள் அங்கே ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

ஆகவே மேலே நான் எழுதிய எதற்கும் இப்போது தேவையில்லை. தாங்கள் சோறு போட வேண்டியதில்லை, நான் தின்ன வேண்டியதும் இல்லை. கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். நான்கு சாயங்காலம் எழுதியது, மனம் வரவில்லை. தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கையும் நான் மீறவில்லை. தங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறேன். நம் இரண்டு வீட்டிலும் இது தெரியாமல் இருந்தவர்கள் நாம் இருவர்தான். இப்போது தாங்கள் ஒருவர்தான், அதுவும் தபால்காரர் வந்து சேரும் வரைக்கும்.